நாயின் தோலும் நம் வீட்டுத் தயிர்சாதமும்

சிலப்பதிகாரமும் சோழர் செப்பேடும் படித்துக்கொண்டே வருகிற அன்பர்கள், இந்தப் பக்கத்துக்கு வந்ததும் "இதென்ன, மலரில் நாய்ச் சொறியைப் பற்றிக் கட்டுரை!" என்று முகம் சுளிக்க வேண்டாம். தமிழில் நாய்க்கு இடம் இல்லாமல் இல்லை. சங்கப் பாடல்களில் வரும் ஞமலி நம் நாய்தான். தொல்காப்பிய மரபியல், நாய்க்குட்டியையும் புலிக்குட்டியையும் சேர்த்தே 'குருளை' என்கிறது. அந்த மரியாதை நாளடைவில் தேய்ந்து, 'சொறிநாய்' என்பது வசைச்சொல்லாக மட்டும் நிற்கிறது. நான் எழுத வந்தது இலக்கியம் அல்ல, அந்தச் சொறியைப் பற்றித்தான்.

வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு வடக்கே வந்தவன் நான். தில்லியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நாய், பூனைகளைப் பார்த்து வருகிறேன். நம்மவர் வீடுகளிலிருந்து வரும் நாய்களில் ஒரு கோலத்தை அடிக்கடி காண்கிறேன். முடி பளபளப்பு இல்லாமல் தென்னை நார் போல் இருக்கும். முதுகைத் தடவினால் கையில் வெள்ளைச் செதில் ஒட்டும். முழங்கை தடித்துப் போயிருக்கும். உள்ளங்கால் மெத்தையில் வெடிப்பு. சொறிந்த இடத்தில் சீழ் வேறு. மற்றபடி நாய் வாட்டசாட்டமாகவே இருக்கும், சொல்லப்போனால் கொஞ்சம் குண்டாகவே இருக்கும். அதனால்தான் சாப்பாட்டில் குறை இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

மயூர் விஹாரிலிருந்து ஒரு மாமி இரண்டு வயது லாப்ரடாரை அழைத்து வந்தார். பேச்சு இப்படிப் போனது.

"டாக்டர், இவனுக்கு ஒரே உஷ்ணம். பையன் பால்கனியில தனியா அடுப்பு வெச்சு முட்டை வேகவெச்சுப் போட்டுண்டிருந்தான். முட்டை சூடுன்னு எல்லாரும் சொன்னா, நிறுத்தியாச்சு. இப்போ மூணு வேளையும் தயிர்சாதம்தான். அப்பவும் சொறியறான்."

"முட்டையை எப்போ நிறுத்தினீங்க மாமி?"

"தீபாவளி சமயம்."

"முடி கொட்ட ஆரம்பிச்சது?"

மாமி யோசித்தார். "ஹோலிக்கு அப்புறம்னு நினைக்கிறேன்."

நடுவில் வேறோர் இடத்தில் இரண்டு முறை ஊசி போட்டிருக்கிறார்கள். போட்டதும் பத்து நாள் அரிப்பு அடங்கும், பிறகு பழையபடி ஆகிவிடும். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, ஒட்டிக்கொள்ளுமோ என்று பயம். "யாராவது தோட்டம் தொரவு இருக்கறவாளுக்குக் குடுத்துடலாம்னு மாமா சொல்றார்" என்று சொல்லும்போது மாமியின் குரல் உள்ளே போய்விட்டது. இப்படிக் கொடுக்கப்படும் நாய்கள் தோட்டத்தில் நெடுநாள் இருப்பதில்லை. பெரும்பாலும் தெருவுக்குத்தான் வருகின்றன. ஊரில் அண்ணன் வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ விட்டுவிட்டு வரலாம் என்றால் நமக்கு ஊர் இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

இந்த 'உஷ்ணம்' விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். தோலில் எது வந்தாலும் சூடு, சூட்டுக்குத் தயிர் என்பது நமக்குப் பாட்டி காலத்து வழக்கம். மனிதருக்கு அது பொருந்துமா என்ற சர்ச்சைக்குள் நான் போகவில்லை. நாய்க்கு இந்த வைத்தியம் செய்யும்போது நடப்பது இதுதான்: புரதமும் துத்தநாகமும் இருந்த ஒரே பொருளான முட்டையை எடுத்துவிட்டு, அவை குறைவாக உள்ள சோற்றைக் கூட்டுகிறோம். தோல் இன்னும் கெடுகிறது. 'பாரு, சூடு இன்னும் இறங்கலை' என்று மறுபடி கூட்டுகிறோம்.

தோலுக்கு ஏன் இவ்வளவு தீனி வேண்டும்? நாயின் முடியில் பெரும்பகுதி, ஏறக்குறைய 95 சதவீதம், கெரட்டின் என்னும் புரதம். உடம்பு முழுக்க முடி வளர்த்து, தோலையும் புதுப்பித்துக்கொண்டிருக்கும் பிராணிக்கு அன்றாடம் வேண்டிய புரதத்தில் கால் பங்குக்குக் குறையாமல் இந்த வேலைக்கே போய்விடுகிறது. வரவு குறைந்தால் உடம்பு இதயத்தையும் ஈரலையும் பட்டினி போடாது. முதலில் கைவைப்பது முடியில்தான். நாம் தீபாவளிப் புடவையைத் தள்ளிப்போட்டு அரிசிக்கும் வாடகைக்கும் பணம் ஒதுக்குவதைப் போல.

இனி தயிர்சாதத்தின் கணக்கு. கால்நடைத் தீவனத்துக்கு அளவுகோல் வகுக்கும் அலுவலர் சங்கம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. நீரை நீக்கிப் பார்த்தால் வளர்ந்த நாயின் உணவில் குறைந்தது 18 சதவீதம் புரதம் இருக்க வேண்டும், குட்டிக்கு 22.5 சதவீதம் வேண்டும் என்பது அதன் விதி. லினோலியிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் வளர்ந்த நாய்க்கு 1.1 சதவீதம். துத்தநாகம், அதாவது ஜிங்க், ஒரு கிலோவுக்கு 80 மில்லிகிராம். நம் பாலிஷ் அரிசியில் புரதம் ஏழு, எட்டு சதவீதம். முக்கால் பங்கு சோறும் கால் பங்கு தயிருமாகப் பிசைந்தால், நீர் நீக்கிய கணக்கில் பதினொன்று, பன்னிரண்டு வரை வரும். பாதி வீடுகளில் தயிர் என்ற பெயரில் விழுவது மோர், அங்கே அதுவும் வராது. துத்தநாகம் கிலோவுக்குப் பதினைந்து மில்லிகிராம் தேறினால் பெரிது. லினோலியிக் அமிலம் பெயருக்குத்தான் இருக்கும். ஆக மூன்றிலும் பற்றாக்குறை.

அதற்காக 'நாய் ஓநாயின் வாரிசு, அதற்குச் சோறே ஆகாது' என்று சிலர் இப்போது சொல்லிக்கொண்டு திரிவதும் சரியல்ல. 2013இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் நாய், ஓநாய் இரண்டின் மரபணுக்களையும் ஒப்பிட்டார்கள். மாவுப்பொருளைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிகள்தான் இருந்தன. நாய்க்கு நான்கு முதல் முப்பது வரை இருந்தன. மனிதன் வீட்டு வாசலில் எச்சில் சோற்றுக்குக் காத்திருந்த காலமெல்லாம் வீண்போகவில்லை. சோறு நாய்க்குச் செரிக்கும். சோறு மட்டும் போதாது, அவ்வளவுதான்.

கொழுப்பு விஷயத்துக்கு வருகிறேன். 1929இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பர் தம்பதியர் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவு கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளின் வால் செதில் செதிலாக உரிந்தது, தோல் வறண்டது, வளர்ச்சி நின்றது. கொழுப்பு வெறும் எரிபொருள்தான் என்று அதுவரை நினைத்திருந்தவர்களுக்கு அது அதிர்ச்சி. உடம்பால் தானே செய்துகொள்ள முடியாத கொழுப்பு அமிலங்கள் சில உண்டு என்பது அப்போது தெரியவந்தது. நாய்க்கு அவற்றில் முக்கியமானது லினோலியிக் அமிலம். தோலின் மேலடுக்குச் செல்களுக்கு நடுவே சாந்து பூசினாற்போல் நின்று ஈரம் வெளியேறாமல் காப்பதில் அதற்குப் பெரும் பங்கு. அது குறைந்தால் செதில், வறட்சி, பிறகு பிசுபிசுப்பு, நாற்றம் என்று வரிசையாக வரும்.

இங்கே நம் சமையலறையில் ஒரு வேடிக்கை. சூரியகாந்தி எண்ணெயில் லினோலியிக் அமிலம் பாதிக்கு மேல். நல்லெண்ணெயில் சுமார் 40 சதவீதம், கடலை எண்ணெயில் சுமார் 30. ஆனால் நாம் நாய்க்கு ஆசை ஆசையாக ஊற்றுவது நெய், பாலக்காட்டுக்காரர்களும் நாகர்கோவில்காரர்களும் ஊற்றுவது தேங்காய் எண்ணெய். இரண்டிலும் அது இரண்டு, மூன்று சதவீதம்தான்! பத்துக் கிலோ எடையுள்ள நாய்க்கு நாளுக்கு ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ சோற்றில் கலந்தால் இந்தக் குறை தீரும். காய்ச்சிப் பொரித்து எடுத்த எண்ணெய் கூடாது. 'நல்லதுதானே' என்று கரண்டி கரண்டியாக ஊற்றினால் வயிற்றுப்போக்கும் கணைய அழற்சியும் வரும்.

துத்தநாகம்தான் மூன்றிலும் சூட்சுமமானது. பன்றிகளுக்கு வரும் ஒரு தோல் தடிப்பு நோய் துத்தநாகம் கொடுத்தால் குணமாகிறது என்று 1955இல் டக்கர், சால்மன் என்ற இரு அமெரிக்கர்கள் காட்டினார்கள். மனிதர்களிடம் இதே குறையைக் கண்டவர் நம் நாட்டவர், பீகாரில் பிறந்த டாக்டர் ஆனந்த பிரசாத். ஈரானின் ஷிராஸ் பகுதியில், இருபது வயதாகியும் பத்து வயதுப் பையனைப் போல் வளராமல் நின்றுவிட்ட இளைஞர்களைப் பற்றி 1961இல் எழுதினார். அவர்கள் உண்டது பெரும்பாலும் புளிக்கவைக்காத கோதுமை ரொட்டி. தானியத் தவிட்டிலும் பருப்பிலும் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் துத்தநாகத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு குடல் உறிஞ்சவிடாமல் செய்துவிடுகிறது. நாயின் குடலிலும் இதே கதைதான். தில்லிக்கு வந்தபின் நம்மவர் நாய்களும் காலையில் பால்-ரொட்டிக்குப் பழகிவிட்டன. முழுக்கோதுமை ஆட்டா நமக்கு நல்லதுதான், ஆனால் அதையே முழு உணவாக்கினால் நாயின் தோலுக்கு இந்த இடைஞ்சல் உண்டு. இட்லி மாவு புளிக்கும்போது ஃபைட்டேட்டில் ஒரு பகுதி உடைந்துவிடும். அந்த வகையில் மிஞ்சிய இட்லி மிஞ்சிய சப்பாத்தியைவிட மேல். (இதைச் சொன்னால் என் பஞ்சாபி நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள்.)

துத்தநாகக் குறை முகத்திலேயே எழுதியிருக்கும். கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் காது விளிம்பிலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் பொருக்குத் தட்டும். வேகமாக வளரும் பெரிய ஜாதிக் குட்டிகளில் இது அதிகம். அதற்கு நாமும் உதவுகிறோம். எலும்பு உறுதிக்கு, காது நிமிர்வதற்கு என்று யார் யாரோ சொல்லக் கேட்டு கால்சியம் சிரப்பைப் பாட்டில் பாட்டிலாக ஊற்றுகிறோம். ஃபைட்டேட்டோடு கால்சியமும் மிஞ்சினால் துத்தநாகம் இன்னும் இறுகிப் போகும். முழுமையான குட்டித் தீவனம் தின்னும் குட்டிக்குத் தனிக் கால்சியம் தேவையே இல்லை. வீட்டுச் சோறு மட்டும் தின்னும் குட்டிக்குத் தேவை, ஆனால் அளந்து கொடுக்க வேண்டும். சைபீரியன் ஹஸ்கி, அலாஸ்கன் மாலமூட் ஜாதிகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே துத்தநாகம் சரியாக உறிஞ்சாது. எவ்வளவு நல்ல தீவனம் போட்டாலும் மாத்திரை வேண்டியிருக்கும். குர்காவ் அடுக்குமாடிகளில் அவற்றை வாங்கி வளர்க்கும் நம் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

வாங்கிப் போடும் தீவனம் என்றாலே சரியாகிவிடும் என்றும் இல்லை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பெயரில்லாத மலிவுத் தீவனம் தின்ற நாய்களுக்கு இதே பொருக்கு நோய் வந்து, நல்ல தீவனத்துக்கு மாற்றியதும் குணமான சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. நம் ஊரில் கடைக்காரர் மூட்டையைப் பிரித்து வைத்துக் கிலோ கணக்கில் நிறுத்துக் கொடுப்பார். தில்லி ஜூன் மாத வெயிலில் திறந்து கிடக்கும் தீவனத்தில் கொழுப்பு சிக்கு வாடை அடித்துக் கெட்டுப்போகும், வைட்டமின் 'ஈ'யும் போய்விடும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நாய் சொறிந்தால் உடனே உணவைக் காரணம் காட்டக் கூடாது. தெள்ளு, உண்ணி, சொறிப்பூச்சி, படர்தாமரை, பூஞ்சை, தைராய்டு குறை என்று முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பது சில நிமிட வேலை, அதைச் செய்யாமல் ஊசி போடுபவரிடம் நாயைக் காட்டாதீர்கள். அரிப்பை அமுக்கும் ஸ்டீராய்டு ஊசிக்கு அதற்குரிய இடம் உண்டு. ஆனால் காரணம் தெரியாமல் மாதா மாதம் போட்டால் தோல் மெலியும், முடி கொட்டும், நோயும் மறைந்து நிற்கும். சத்துக் குறையால் வந்த தோல் கோளாறு யாருக்கும் ஒட்டாது, குழந்தை பக்கத்தில் படுக்கலாம். சொறிப்பூச்சியும் படர்தாமரையும் மனிதருக்கு ஒட்டும். ஆகவே அந்தப் பரிசோதனை குழந்தைக்காகவும்தான்.

சத்துக் குறை வேறு, உணவு ஒவ்வாமை வேறு. இரண்டையும் நம்மவர்கள் மட்டுமல்ல, மருத்துவம் படித்தவர்களே குழப்பிக்கொள்கிறார்கள். குறையில் முதலில் முடி மங்கும், செதில் வரும், அரிப்பு பிறகுதான் வரும், அதுவும் கிருமி சேர்ந்த பின். ஒவ்வாமையில் முதலில் வருவதே அரிப்பு. காதைப் பிராண்டும், பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கும், கோடையென்றும் குளிரென்றும் இல்லாமல் ஆண்டு முழுவதும். 2016இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், உணவு ஒவ்வாமை உறுதியான 297 நாய்களில் 34 சதவீதத்துக்கு மாட்டிறைச்சியும், 17 சதவீதத்துக்குப் பால் பொருள்களும், 15 சதவீதத்துக்குக் கோழியும், 13 சதவீதத்துக்குக் கோதுமையும் காரணமாக இருந்தன. இரண்டாவதாக நிற்பது பால் பொருள் என்பதைக் கவனியுங்கள். தயிர் ஒரு நாய்க்குப் போதாமல் போகிறது, இன்னொரு நாய்க்கு ஆகாமலே போகிறது. இரத்தமும் முடியும் அனுப்பிச் செய்யும் ஒவ்வாமைச் சோதனைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஆய்வுகளும் அவற்றுக்கு ஆதரவாக இல்லை. முன்பு தின்றிராத ஒரு புரதமும் ஒரு மாவுப்பொருளும் மட்டும் எட்டு வாரம் கொடுத்து, தணிந்ததும் பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி. நடுவில் ஒரு பிஸ்கட் கொடுத்தாலும் கணக்கு முதலிலிருந்துதான்.

குறைதான் என்று எனக்கு உறுதிப்படுத்தும் சாட்சி ஒன்று ஆண்டுதோறும் கோடையில் வரும். மே மாதம் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகும் குடும்பங்கள் நாயை ஐந்தாறு வாரம் காப்பகத்தில் விட்டுவிட்டுப் போவார்கள். அங்கே பாக்கெட் தீவனம்தான். திரும்பி வந்து பார்த்தால் நாய் எண்ணெய் தடவினாற்போல் மின்னும். "நம்மாத்து ஜலம் ஒத்துக்கலை போலிருக்கு, டாக்டர்" என்பார்கள். ஜலம் இரண்டு இடத்திலும் யமுனை ஜலம்தான்!

சரி, வீட்டில் முட்டைகூட நுழையாது, நாயை என்ன செய்வது? சைவ உணவில் நாயை வளர்க்க முடியும், பூனையை முடியாது. ஆனால் கணக்குப் பார்த்து வளர்க்க வேண்டும். பத்துக் கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு 100 கிராம் அரிசி, ஊறவைத்து வேகவைத்துப் பிழிந்த மீல்மேக்கர் (உலர்ந்த எடையில்) 30 கிராம், பன்னீர் 25 கிராம், தயிர் 100 கிராம், ஒரு தேக்கரண்டி எண்ணெய். இதில் புரதம் சுமார் 30 கிராம் சேர்ந்துவிடும், அந்த நாய்க்கு இது போதும். உப்பு, காரம் இல்லாத குழைந்த பொங்கலும் நல்லதே, அரிசியில் குறைந்ததைப் பாசிப்பருப்பு ஈடு செய்யும். ஆனால் துத்தநாகமும் கால்சியமும் சில வைட்டமின்களும் தட்டிலிருந்து மட்டும் நேராகாது. நாய்களுக்கென்று உள்ள தாதுக் கலவையை மருத்துவரிடம் கேட்டு, எடைக்கேற்ற அளவில் சேர்த்தே ஆக வேண்டும். நமக்கு விற்கும் ஜிங்க் மாத்திரையை நாமே உடைத்துப் போடுவது ஆபத்து, மிஞ்சினால் வாந்தியும் இரத்தச் சிதைவும் வரும். குட்டிகளுக்கு இந்தச் சமையல் பரிசோதனையே வேண்டாம், ஓராண்டு வரை முழுமையான குட்டித் தீவனமே போடுங்கள். சைவத் தீவனமும் கடையில் கிடைக்கிறது, 'முழுமையான உணவு' என்று உறையில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முட்டை ஆட்சேபம் இல்லாதவர்கள் வேகவைத்துக் கொடுங்கள். பச்சை வெள்ளைக்கரு பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்துக்கொள்ளும், அதுவும் தோலுக்கு வேண்டியதே.

சாம்பார் சாதம் கூடவே கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சர்க்கரைப் பொங்கலிலும் பாயசத்திலும் உள்ள திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

மயூர் விஹார் லாப்ரடாருக்குச் சொறிப்பூச்சி இல்லை, படர்தாமரை இல்லை. சீழுக்கு மூன்று வாரம் மருந்து கொடுத்தேன். முட்டை பால்கனிக்குத் திரும்பியது, எண்ணெயும் தாதுக் கலவையும் சேர்ந்தன. மூன்றாம் மாதம் முழங்கையில் முடி மூடியது. மாமா இப்போது அதைத் தானே காலையில் நடத்திக்கொண்டு போகிறார், தோட்டப் பேச்சு எழவில்லை.

மருத்துவரிடம் போகுமுன் ஒரு வாரம், நாயின் வாயில் போகும் ஒவ்வொன்றையும் எழுதி வையுங்கள். வாட்ச்மேன் கொடுக்கும் மாரி பிஸ்கட், செவ்வாய்க்கிழமை ஹனுமான் கோயில் பூந்தி, தாத்தா மேஜைக்கு அடியில் ரகசியமாகத் தள்ளும் அப்பளம் எல்லாம் அதில் இருக்கட்டும். உணவை மாற்றுவதானால் ஒரே நாளில் மாற்றாமல் வாரம் பத்து நாளில் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள். நாயின் மேல்தோல் ஒரு சுற்றுப் புதிதாக மூன்று வாரம் ஆகும், முடிக்கு இன்னும் அதிகம். எட்டு வாரம் வரை பொறுக்க வேண்டும். அதற்குள் யாரோ சொன்னார்கள் என்று இரண்டு முறை உணவை மாற்றினால், எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று என்னாலும் சொல்ல முடியாது.